ஏகாதசி ரத்தம்

கிராம்பு வாசனை மட்டும் என் மூக்குக்குத் தெரியாமல் போன காலம் ஒன்று உண்டு. மற்ற எல்லாம் ஒழுங்காகத் தெரியும். காபிக் கொட்டை வறுபடுவது, ரயில் புகை, தேவராஜ மார்க்கெட் மல்லிகை, மழைக்கு முன்னால் கிளம்பும் மண், எதற்கும் குறைவில்லை. கிராம்பு மட்டும் வராது. காரணம், பகல் பொழுது முழுக்க நான் கிராம்புத் தைலத்திலேயே கிடந்தேன். ஒரே வாசனையில் நாள் முழுக்க இருந்தால் மூக்கு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதை நிறுத்திவிடும்.

வீட்டில் மற்றவர்களுக்கு அந்த பாக்கியம் இல்லை. எங்கள் வீட்டில் கிராம்பை லவங்கம் என்போம், ரசத்தைச் சாத்தமுது என்போம். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா சமையலறை ஜன்னலைத் திறந்து வைப்பாள். "லவங்க மூட்டை வந்துடுத்து. சாத்தமுதுல கூட அந்த வாசனைதான் அடிக்கறது" என்பாள். ரயில்வே ஆபீஸ் வேலைக்காக மைசூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட அப்பா, பல் டாக்டரோடு குடித்தனம் பண்ணுவது மாதிரி இருக்கிறது என்று சொல்லிச் சிரிப்பார். நான் ரோஷப்பட்டுப் புடவையை முகர்ந்து பார்ப்பேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாறிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. குக்கரஹள்ளி ஏரிப் பக்கம் இருந்த எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துப் புட்டிகளில் மட்டும் பழைய பெயரே ஒட்டியிருந்தது. நான் அங்கே ஆராய்ச்சி மாணவி. கிராம்புத் தைலத்தில் பெரும்பங்காக இருக்கும் யூஜினால் என்ற ரசாயனம் மனித செல்லை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை. பல்வலிக்குக் கிராம்பு வைப்பது ஊருக்கெல்லாம் தெரியும். வைத்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் ஊரும் பேசாது, புத்தகமும் பாதியில் நின்றுவிடும். அந்த மீதிப் பாதிதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

சோதனை கேட்க எளிது. ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, சிவப்பணுக்களை மட்டும் பிரித்துக் கழுவி, உப்புநீரில் மிதக்க விட வேண்டும். அதில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு விட்டால், இரும்பைத் துரு அரிப்பது போல அது செல்லின் மேலுறையை அரிக்கும். செல் வெடிக்கும், உள்ளேயிருக்கும் சிவப்பு வெளியே கொட்டும், மேலே தெளிவாக நின்ற நீர் சிவந்துபோகும். முன்கூட்டியே துளி யூஜினால் சேர்த்த குழாயில் அப்படி ஆகாது. செல்கள் அப்படியே அடியில் படிய, மேலே நீர் தெளிவாக நிற்கும். இன்னொரு சோதனையில் செல்களை வெந்நீரில் வைத்துப் பார்ப்போம். வீக்கத்தை அடக்கும் மருந்துகள் சூட்டிலும் செல்லின் மேலுறை கிழியாமல் காப்பாற்றும் என்பது அப்போது பலர் நம்பிய கருத்து. யூஜினால் அதிலும் தேறியது. ஆனால் கை தவறிக் கொஞ்சம் கூடப் போட்டால் போதும், காப்பாற்றிய அதே பொருள் தானே செல்களை உடைத்துத் தள்ளும். முதல் தடவை அதைப் பார்த்த அன்று எனக்கு மதியச் சாப்பாடு நினைவுக்கே வரவில்லை.

எந்த மருந்தும் சேர்க்காத குழாய் ஒன்றும் எப்போதும் வேண்டும். அதைக் கன்ட்ரோல் என்போம். பெராக்ஸைடு பட்டதும் அது சிவந்தாக வேண்டும். அது சிவந்தால்தான், பக்கத்துக் குழாய் சிவக்காமல் இருப்பதற்கு ஏதாவது அர்த்தம் உண்டு.

சங்கடம் ரத்தத்தில் வந்தது. வெறும் வயிற்று ரத்தம் வேண்டும், முந்தின நாளிலிருந்து காபி, மாத்திரை எதுவும் கூடாது. மைசூரில் காபி குடிக்காத ஆளைக் காலை பத்து மணிக்கு எங்கே போய்த் தேடுவது? கூட வேலை செய்த பையன்கள் சத்தியம் பண்ணிவிட்டு வருவார்கள். மீசையில் நுரை இருக்கும். என் வழிகாட்டியான ஸாரே தன் ரத்தத்தைத் தருகிறேன் என்று முன்வந்து, அன்று காலை இரண்டு டம்ளர் ஆகிவிட்டது என்று தலையைச் சொறிந்தார். நான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து இதைச் சொல்லிப் புலம்பினேன்.

பரிமாறிக்கொண்டிருந்த அத்தை கரண்டியை நிறுத்தினாள். அத்தை அப்பாவின் தங்கை. கல்யாணமான கொஞ்ச நாளிலேயே புருஷன் போய், எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தவள். அப்போது நாற்பதைத் தாண்டியிருப்பாள். நாள் கிழமைகளில் கூடத்துக்கு வரமாட்டாள், யாரும் வரச் சொல்லவும் மாட்டார்கள். அவள் சொம்பு தனி, தட்டு தனி, கொடியில் புடவை உலர்த்தும் இடமும் தனி. யாரும் கொடுமை பண்ணவில்லை. அப்படியே நடந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"ஏண்டி, பட்டினி ரத்தம்தானே வேணும்? நான் ஏகாதசிக்கு ஏகாதசி சும்னே பட்டினி கிடக்கறேனே. எடுத்துக்கோயேன்" என்றாள். மைசூரில் இருந்து இருந்து அவளுடைய 'சும்மா' கன்னடத்துச் 'சும்னே' ஆகியிருந்தது.

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஏகாதசியும் அதுவுமா ரத்தமா?"

"வாயால உள்ளே போனாத்தானே மன்னி விரதம் கெடும்? வெளியே போறதுக்கு என்ன?"

எனக்கு அந்தத் தர்க்கம் மிகவும் பிடித்துப் போயிற்று. அந்தத் தர்க்கத்துக்கு வேறொரு வாசலும் இருக்கிறது என்று அப்போது தோன்றவில்லை.

அடுத்த ஏகாதசிக்கு அத்தை பெட்டி போட்ட நூல் புடவை கட்டிக்கொண்டு என்னோடு பஸ் ஏறினாள். எங்கள் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் பக்கத்துச் சிகிச்சை அறையில் ஒரு மங்களூர் நர்ஸ் இருந்தாள். ஊசி போடுவதற்கு முன் வழக்கமான கேள்விகளைக் கன்னடத்தில் கேட்டாள். காய்ச்சல் உண்டா, வீக்கம் வலி உண்டா, மாத்திரை மருந்து உண்டா? அத்தை ஒவ்வொன்றுக்கும் "இல்லா, இல்லா" என்று தலையாட்டினாள். ஊசி ஏறியபோது முகத்தைத் திருப்பவில்லை, ரத்தம் ஏறுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஸார் தன் நாற்காலியை இழுத்துப் போட்டு, "கூத்கொள்ளி தாயி" என்று உட்காரச் சொன்னார். ஆண்கள் இருக்கும் அறையில் நாற்காலியில் உட்காருவதா வேண்டாமா என்று அத்தை என்னைப் பார்த்தாள். உட்கார்ந்தாள். நான் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவி மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். அத்தை வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"நடுவுல விரலால அமுக்கின தட்டை மாதிரி இருக்கேடி! இத்தனையும் எனக்குள்ளேயா ஓடறது?"

"ஆமாம் அத்தை."

"ஒருத்தரும் சொல்லவே இல்லையே!" என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டு நாள்காட்டியில் ஏகாதசிக்குப் புது அந்தஸ்து வந்துவிட்டது. முந்தின நாளே புடவைக்குக் கஞ்சி போடுவாள். பக்கத்து வீட்டு மாமியிடம், "நாளைக்கு நான் ஆத்துல இருக்கமாட்டேன், யூனிவர்சிட்டியில வேலை இருக்கு" என்று சொல்வது என் காதிலேயே விழுந்தது. அவளுக்கென்று வீட்டுக்கு வெளியே இருந்த ஒரே காரியம் அது. யாராவது அதைப் பிடுங்கினால் என்ன ஆவாள் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

பிடுங்கும்படியாகத்தான் நிலைமை ஆயிற்று. ஆரம்பத்தில் சரியாக நடந்துகொண்ட அத்தையின் ரத்தம், சில மாதங்களில் முரண்டு பிடிக்க ஆரம்பித்தது. மற்றவர்களின் கன்ட்ரோல் குழாய் பெராக்ஸைடு பட்டதும் சிவந்தது. அத்தையுடையது லேசாக ரோஜா நிறம் காட்டிவிட்டு நின்றுவிட்டது. யாரோ எனக்கு முந்திக்கொண்டு மருந்து போட்டுவிட்டது போல இருந்தது. யூஜினால் சேர்த்த குழாய்க்கும் சேர்க்காததற்கும் வித்தியாசமே தெரியவில்லை. புதுப் பெராக்ஸைடு வாங்கினேன், குழாய்களைத் திரும்பத் திரும்பக் கழுவினேன், நிறம் அளக்கும் கலரிமீட்டரைத் திட்டினேன். அத்தையின் செல்கள் அசையவில்லை.

ஸார் நிதானமான மனிதர். "நோடம்மா, இதோ பார், காரணம் தெரிந்தால் இது ஒரு கண்டுபிடிப்பு. தெரியாவிட்டால் வெறும் குப்பை. காரணம் கண்டுபிடி, இல்லையென்றால் இவர்களை நிறுத்திவிடு" என்றார். கன்னடத்தில் சொன்னார். அந்தப் பக்கம் நாற்காலியில் இருந்த அத்தைக்கும் நன்றாகப் புரிந்தது.

பஸ்ஸில் அவள் ஊசி குத்தின இடத்தையே தடவிக்கொண்டு வந்தாள். வீட்டு வாசல் வந்ததும்தான், "என் ரத்தம் கெட்டுப்போச்சாடி?" என்று கேட்டாள்.

"கெடலை அத்தை. அளவுக்கு மேல நன்னா இருக்கு. அதான் சந்தேகம்."

"நன்னா இருந்தா எதுக்கு நிறுத்தணும்?" என்றாள். நல்ல கேள்வி. குழாய்களை வைத்துக் கன்ட்ரோல் என்றால் என்ன என்று விளக்கினேன். கேட்டுக்கொண்டாள், சமாதானம் ஆகவில்லை.

அவளை விசாரணை பண்ணினேன். ஏகாதசியன்று வாய்க்குள் போவது என்னென்ன?

"ஒண்ணும் இல்லை. பெருமாள் தீர்த்தம் மட்டும்."

எனக்குப் பொறி தட்டியது. எங்கள் வீட்டுத் தீர்த்தத்தில் துளசி உண்டு. ஏலம், பச்சைக் கற்பூரம், கிராம்பு எல்லாம் பொடித்த பரிமளமும் உண்டு. கிராம்பில் யூஜினால், துளசியிலும் யூஜினால். சோதிக்க வேண்டிய பொருளையே காலையில் பெருமாள் சன்னிதியில் உத்தரணிக் கரண்டியில் அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, பத்து மணிக்கு நான் மருந்தில்லாத ரத்தம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்! சந்தோஷத்தில் துள்ளிக் குதிக்காத குறை. உத்தரணித் தண்ணீரில் இருப்பது எம்மாத்திரம் என்று மூளை ஒரு மூலையில் முனகியது. அதை உட்கார வைத்தேன்.

ஆனால் அத்தையிடம் தீர்த்தத்தை விடச் சொல்வது எப்படி? சோற்றை விடுவாள், தூக்கத்தை விடுவாள். தீர்த்தம் இல்லாத நாள் அவள் வாழ்க்கையில் கிடையாது. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"ஒரே ஒரு ஏகாதசிதானே? விட்டுடறேன்" என்றாள், ஒரு கணம் கூட யோசிக்காமல். "பெருமாள் கோச்சுக்கமாட்டார். உங்க ஸார்தான் கோச்சுப்பார்."

அந்த ஏகாதசிக் காலையில் அப்பா தீர்த்தம் கொடுத்தபோது எல்லோரும் கையை நீட்டினோம். அத்தை கையைக் கூப்பிக்கொண்டு பின்னால் நின்றாள். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஆராய்ச்சி என்றால் சும்மாவா என்று மனசுக்குள் வீறாப்பாகச் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அன்றும் குழாய் சிவக்கவில்லை.

தீர்த்தம் இல்லை, துளசி இல்லை. அப்புறம் என்னதான் இருக்கிறது இவள் ரத்தத்தில்? எனக்கு எரிச்சலும் ஆசையும் ஒன்றாகப் பொங்கின. ஸார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, தசரா விடுமுறை முடிந்து ஒரே ஒரு முறை எடுத்துப் பார்ப்போம், அதற்கு மேல் வேண்டாம் என்றார். அத்தையிடம் சொன்னேன். "சரி" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் விரதம் முடிந்து அவள் சாப்பாடு மெல்லுவது வழக்கத்தை விட மெதுவாக இருந்ததைப் பார்த்தேன், துக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தசராவுக்கு ஆராய்ச்சிக்கூடத்தை மூடினார்கள். வீட்டில் விருந்தாளிகள், கொலு, சுண்டல். நான் கிராம்புப் பக்கமே போகவில்லை. அம்மா மட்டும் நிறுத்தவில்லை. "லீவுல கூட உன் வாசனை இந்த வீட்டை விட்டுப் போகமாட்டேங்கறதே! சுவத்துலயே ஊறிடுத்தா?" என்றாள். வழக்கமான வம்பு என்று காதில் போட்டுக்கொள்ளவில்லை.

விஜயதசமிக்கு மறுநாள் ஏகாதசி. முந்தின நாள் ஜம்பூ சவாரி என்ற தசரா யானை ஊர்வலத்தைப் பார்க்க வந்த கூட்டம் அத்தனையும் ஊர் திரும்ப நின்றது. பஸ்ஸில் நசுங்கிப் பிதுங்கி எப்படியோ எங்கள் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. எனக்குப் பண்டிகைக்கு வாங்கிய புதுப் புடவை, ஆராய்ச்சிக்கூடத்தின் காற்றே படாதது. அத்தை ஜன்னலோரம் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பஸ் ஒரு குலுங்கு குலுங்கியது. அவள் என் மேல் சாய்ந்து "ஸ்" என்றாள்.

கிராம்பு வாசனை அடித்தது.

முதலில் என் புடவையை முகர்ந்தேன். புதுத்துணி வாசனைதான். அத்தை பக்கம் திரும்பினேன். இத்தனை நாள் ஓய்வில் என் மூக்கு திரும்ப வந்திருந்தது. அவள் மூச்சில் கிராம்பு வீசியது.

"அத்தை, வாயில என்ன?"

"ஒண்ணும் இல்லை."

"வாயைத் திறங்கோ."

"பஸ்ஸுலயா? சும்னே இருடி."

"லவங்கமா அத்தை?"

அவள் ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தாள். பிறகு வேறு வழியில்லாமல், "கன்னத்துல அடக்கிண்டிருக்கேன். முழுங்கறதில்லை. உள்ளே போனாத்தானே விரதம் கெடும்?" என்றாள்.

"எத்தனை நாளா?"

"பல்லு வலிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து. ராத்திரி பகலா வெச்சுண்டிருப்பேன். எடுத்தா உயிர் போறது."

முகத்தை என் பக்கம் திருப்பச் சொல்லிக் கன்னத்தைத் தொட்டேன். தலைப்பு மறைத்திருந்த பக்கம் சூடாக, கெட்டியாக, உப்பி இருந்தது. வீக்கத்தைப் பற்றி வாரம் தவறாமல் ஸாரோடு வாதாடிக்கொண்டிருந்தவள் நான். தீர்த்தத்தை விடச் சொன்னபோது உடனே விட்டவள், கிராம்பைப் பற்றி ஏன் மூச்சு விடவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சொல்லியிருக்கலாமே அத்தை! என்கிட்டயாவது?"

"அந்த நர்ஸ் முதல் நாளே கேட்டாளே, வீக்கம் உண்டா வலி உண்டான்னு. உண்டுன்னு சொன்னா நோயாளி ரத்தம் வேண்டாம்னு அனுப்பிடுவேளோன்னு பயமா இருந்தது" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "அங்கே வரதை விடமுடியாதுடி" என்றாள்.

பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள்தான் தலைப்பால் என் கண்ணைத் துடைத்தாள். துடைத்த தலைப்பிலும் கிராம்புதான் அடித்தது.

அன்று ரத்தம் எடுக்கவில்லை. நர்ஸ் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்துவிட்டு, இந்த ஈறை வைத்துக்கொண்டு எப்படித் தூங்கினீர்கள் என்று சத்தம் போட்டாள். அப்படியே மார்க்கெட் பக்கத்துப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். மாத்திரை, கஞ்சி, உப்புநீர் என்று சில வாரங்கள் போயின. ஸாரிடம் நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர், "உடம்பு நேராகட்டும். அப்புறம் கூட்டிக்கொண்டு வா. அவர்கள் நாற்காலி எங்கேயும் போகாது" என்றார். அதைச் சொன்னபோது அத்தை கஞ்சிக் கிண்ணத்துக்குள் பார்த்துக்கொண்டு, "ஹௌதா? அப்படியா சொன்னார்?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

மார்கழி ஏகாதசி வந்தது. நடுங்கும் குளிரில் கோயிலுக்குப் போய்விட்டு, தீர்த்தமும் வாங்கிக்கொண்டு, கன்னத்தில் எதுவும் இல்லாமல் பஸ் ஏறினாள். அன்று நர்ஸும் காபி குடிக்காமல் வந்து தன் ரத்தத்தைக் கொடுத்தாள். நானும் கொடுத்தேன். கோலார்ப் பக்கத்துப் பையன் ஒருவன் உண்மையாகவே காபி குடிக்காமல் வந்திருந்தான், அவனும் கொடுத்தான். கன்ட்ரோல் குழாய்களைத் தாங்கியில் வரிசையாக நிறுத்திப் பெராக்ஸைடு விட்டுவிட்டுக் காத்திருந்தோம். அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

ஒவ்வொன்றாகச் சிவந்தது. அத்தையுடையதும் சிவந்தது.

நான் ஸாரைப் பார்த்தேன். ஜெயித்துவிட்ட முகம் எனக்கு. அவர் கையை உயர்த்தினார். "அவசரப்படாதே. கிராம்பையும் நிறுத்தினோம், வீக்கமும் போயிற்று. ஒரே சமயத்தில் இரண்டை மாற்றிவிட்டோம். கன்னத்தில் வைத்த கிராம்பு ரத்தத்துக்கு எவ்வளவு போகும் என்று நமக்குத் தெரியாது. வீங்கின உடம்பு தன் செல்லை என்ன செய்துகொள்ளும் என்பதும் தெரியாது. எது காப்பாற்றியது என்று எப்படிச் சொல்வாய்?" சொல்ல முடியவில்லை. இன்று வரைக்கும் முடியவில்லை. பல் டாக்டர் வாசலில் அந்த வாசனை அடிக்கும்போதெல்லாம் அந்தக் கேள்வியைத்தான் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். சலிக்கவே இல்லை.

அத்தைக்கு எங்கள் தர்க்கம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அவள் தாங்கிக்கு மிக அருகில் குனிந்திருந்தாள்.

"கெட்டுப்போச்சாடி?"

"இல்லை அத்தை. இப்பதான் எல்லாரோடதும் மாதிரி இருக்கு."

"எது என்னுது?"

எனக்கும் பார்த்தால் தெரியவில்லை, எல்லாம் ஒரே சிவப்பு. ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கக் குழாயைத் திருப்பப் போனேன். அத்தை என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றாள். தாங்கியை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து புடவையைச் சரி செய்துகொண்டாள். "அடுத்த ஏகாதசி எப்போன்னு உங்க ஸார்கிட்ட சொல்லிட்டு வா. நான் பஸ்ஸுக்கு நிக்கறேன்."